முழங்கால் தெரிந்த ஒளிவாள்

போரும் பொருள் தடையுமாய் யாழ்ப்பாணமே நாளுக்கு நூறு தடவை ‘இல்லை’ சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சொல் வாயில் வராத ஒரே மனிதர் அவர்தான். கொக்குவிலில், றெயில் ஓடாத தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சங்கக்கடையில் சோப் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லவே இல்லை. அவரிடம் போய் வால்வ் ரியூப் கேட்டால் மட்டும், “அது கிடக்கட்டும் தம்பி, வேறை ஒண்டு கிடக்கு” என்பார். எடுத்துத் தருவது ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயில் ஒரு துண்டு. அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளுக்கு ஐந்து வருடம் காற்றுப் போகாது. அதனால் அவர் ‘வேறையொண்டு அண்ணை’. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

வாசிகசாலை ஆண்டுவிழா நாடகத்தில் நான் இளவரசன், மச்சான் குணம் அரக்கன். முந்தின வருடம் என் மட்டைவாள் அரக்கனின் வண்டி வயிற்றில் பட்டு இரண்டாக மடிந்துவிட்டது. சனம் சிரித்த சிரிப்பில் மூன்று மாதம் நான் சந்திப் பக்கமே போகவில்லை. ஊரில் என் பெயரே ‘மட்டைவாள்’ ஆகிவிட்டது. இந்த வருடமும் பிசகினால் அந்தப் பெயர் சாகும்வரைக்கும் என்னை விடாது.

“அண்ணை, மடங்காத வாள் ஒண்டு செய்து தருவியளோ?”

“மடங்காட்டில் மட்டும் போதுமே? வெளிச்சமா எரிய வேண்டாமே?”

கறண்ட் இருந்த காலத்தில், வீடியோவில் ஏதோ வெளிநாட்டுப் படம் பார்த்தாராம். அதில் வெளிச்சத்தாலேயே வாள் செய்து சண்டை பிடித்தார்களாம். அப்படியொன்றை நேரில் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது மனுசனின் பலநாள் ஆசை.

“பற்றரிக்கு எங்கையண்ணை போறது?”

“எனக்கு ரெண்டு கால் கிடக்கெல்லே!”

மேடைக்குப் பின்னால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி அவர் மிதிப்பார். டைனமோவிலிருந்து நீள வயர் என் வாளுக்கு வரும். கைபிடிக்குப் பழைய காற்றடிக்கும் பம்ப். அலகுக்குக் கருகிப்போன ரியூப் லைற்றின் கண்ணாடிக் குழாய், அதன் அடியில் ஒரு சைக்கிள் பல்ப் வைப்பதாகத் திட்டம். முதல் ஒத்திகையிலேயே குணத்தின் கேடயத்தில் பட்டு ரியூப் லைற் தூள்தூளாகிவிட்டது.

“வேறை ஒண்டு கிடக்கு” என்றார் அண்ணை.

வீடு வீடாகப் போய்ப் பழைய எக்ஸ்ரே படங்கள் சேர்த்தார். அடுப்புச் சாம்பல் கரைத்த கொதிதண்ணீரில் ஊறப்போட்டுக் கறுப்பைச் சுரண்டினார். மெல்லிய நீலத் தகடுகள் வந்தன. குழாயாகச் சுருட்டித் தைத்து, உள்ளே பட்டம் கட்டும் தாளை ஒட்டினார். சின்னத்துரை வாத்தியாரின் எக்ஸ்ரேயில் இருந்த முழங்கால் மட்டும் எவ்வளவு சுரண்டியும் போகவில்லை.

“அண்ணை, எலும்பு தெரியுது.”

“விடு தம்பி. எலும்பிருந்தால்தான் வாளுக்குப் பலம்.”

அடுத்தது பல்ப். ஊரெல்லாம் அலைந்தும் மூன்றுதான் கிடைத்தன, அதில் ஒன்று அவருடைய சொந்தச் சைக்கிளிலிருந்து கழற்றியது. பட்டப்பகலில் வாசிகசாலை முற்றத்தில் ஒத்திகை. சண்டை சூடுபிடித்ததும், “குத்தடா தம்பி! விடாதை!” என்று கத்தியபடி அண்ணை உழக்கின உழக்கில் பல்ப் டப்பென்று போனது. இரண்டாவதும் அப்படியே. குணத்தை மிதிக்க விட்டால் வாள் மின்மினிப்பூச்சிபோல அணைந்து அணைந்து எரிந்தது. மிஞ்சியது ஒரேயொரு பல்ப்.

வேறையொண்டு அண்ணை இந்தத் தடவை ‘வேறை ஒண்டு கிடக்கு’ என்று சொல்லவில்லை; மிஞ்சின பல்ப்பைக் கழற்றித் துணியில் சுற்றினார்.

“சண்டையைப் பாத்தால் என்ரை கால் என்ரை சொல் கேக்குதில்லை” என்றார் கடைசியில். “சைக்கிளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை தம்பி.”

பொழுதுபட்டால் சனம் பயத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடாது என்பதால் நாடகம் பின்னேரம் நாலு மணிக்கு. வாசிகசாலை மண்டபத்து யன்னல்களைச் சாக்கால் மறைத்திருந்தோம். கடைசிக் காட்சியில், கடன் வாங்கின மண்ணெண்ணெயில் எரிந்த பெற்றோல்மாக்ஸ் விளக்கை மூடினார்கள். என் கையில் வாள் மெல்ல மெல்ல எரிந்து வந்தது. சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஐயோ, உது என்ரை முழங்காலெல்லே!”

மண்டபமே வெடித்துச் சிரித்தது. சரி, மட்டைவாள் போய் முழங்கால் வந்துவிட்டது என்று நினைத்தேன். நல்லகாலம், குணம் கேடயத்தைப் போட்டுவிட்டு நடுநடுங்கினான்: “ஆ! முனிவரின் எலும்பிலே செய்த ஆயுதமா!” சிரிப்பு அப்படியே கைதட்டலாக மாறியது. நான் குத்தினேன், வாள் மடங்கவில்லை, அரக்கன் விழுந்தான். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் சின்னத்துரை வாத்தியார்.

சனம் கலைந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணை வேர்த்து வழிய, சுவரைப் பார்த்தபடி இன்னும் ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதே தம்பி? எப்பிடி இருந்தது? நீலமே, வெள்ளையே?”

இருட்டில் அந்த வாள் எரிந்ததை ஊரே பார்த்தது, அவர் மட்டும் பார்க்கவில்லை.

“இறங்குங்கோ அண்ணை” என்று வாளை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

“கவனமடாப்பா, கடைசி பல்ப்!”

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இருட்டு மேடையில் ஏறுவது கேட்டது. தொம் தொம்மென்று குதிப்பது கேட்டது. “நீலம் தம்பி! நல்ல நீலம்!” என்று சின்னப்பிள்ளைபோலக் கத்தினார்.

நான் சுவரைப் பார்த்தபடியே மிதித்தேன். திரும்பியிருந்தால் என் காலும் என் சொல் கேட்டிருக்காது.