ஜட்காக்காரர் வயிற்றில் ஒரு கப்பல்

கடலே இல்லாத எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஓடிய ஒரே கப்பல், ஒரு ஜட்கா வண்டிக்காரரின் வயிற்றில் ஓடியது. ஊர் அவரைக் கப்பல்காரர் என்றே கூப்பிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொந்தப் பெயரைக் கேட்டபோது அவரே கொஞ்சம் யோசித்தார்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். சென்னையில் படித்தவள்; எதையும் வரிசைப்படுத்திப் பழகியவள். அன்று நடந்தது இது:

1. கப்பல்காரர் வலது அடிவயிற்றில் கடும் வலியோடு, தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார்.

2. டாக்டர் தொட்டுப் பார்த்தார். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே அறுத்து எடுக்காவிட்டால் உள்ளே வெடித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றார்.

3. எந்த இடத்தில் அறுப்பீர்கள் என்று கப்பல்காரர் கேட்டார். டாக்டர் விரலை வைத்தார். விரல் கப்பலின் பாய்மரத்தின் மேல் இருந்தது.

4. கப்பல்காரர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு போய் வண்டியில் ஏறினார்.

ஐந்தாவதற்குப் போகுமுன் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இளவயதில் அவர் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அங்கே மாலுமிகளுக்குப் பச்சை குத்தும் ஒருவன் கடைச் சுவர் முழுக்கப் படங்களைத் தொங்கவிட்டிருந்தானாம். இவர் ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒரு படத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டார். முன்கையில் நங்கூரம், மார்பில் எதிரெதிராக இரண்டு குருவிகள், தோளில் கத்தி பாய்ந்த இதயம், வயிற்றில் கப்பல்.

ஊர் இவற்றைத் தன் போக்கில் புரிந்துகொண்டது. நங்கூரத்தைப் பார்த்தவர்கள், "கெணத்துல விழுந்த வாளி எடுக்கிற பாதாளக் கரண்டிய எதுக்குய்யா கையில குத்திருக்க?" என்றார்கள். பிளந்த வால் இருந்ததால் குருவிகள் கரிச்சான் ஆயின. இதயத்தை எல்லோரும் வெற்றிலை என்றார்கள். வெற்றிலை ஏன் சிவப்பாக இருக்கிறது என்பதில் மட்டும் அன்னவாசல் சந்தையில் இரண்டு கட்சிகள்.

அம்மை குத்த அன்னவாசலுக்கு அவர் வண்டியில்தான் போவேன். "நீங்களும் ஊசியால குத்துறீங்க நர்சம்மா. வெறும் தழும்பா விடுறதுக்கு ஒரு பூவாவது போட்டு விடலாம்ல?" என்பார்.

அந்தப் படங்களில் ஓர் ஒழுங்கு இருந்தது. வெளிக்கோடு தடித்த கறுப்பு. உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள், அவ்வளவுதான். நிழல் ஒரே பக்கம். கப்பலின் பாய்களுக்கு நிறமே இல்லை; குத்தியவன் தோலை அப்படியே விட்டிருந்தான், அது காற்றில் உப்பிய துணியாகத் தெரிந்தது. நடுவழியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவர் சட்டையைக் கழற்றிப் புளியமர நிழலில் படுப்பார். மூச்சு இழுத்தால் கப்பல் அலைமேல் ஏறும்; விட்டால் இறங்கும். கண்ணுக்கெட்டியவரை செம்மண்ணும் பாறையும். அந்த வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், எங்கோ உப்புக்காற்று அடிப்பது போலவே இருக்கும்.

அவர் மனைவியின் கையில் நம் ஊரிலேயே பச்சை குத்திய தேள் ஒன்று உண்டு. வருஷங்களில் மை படர்ந்து காலும் கொடுக்கும் ஒன்றாகிவிட்டன.

"ஒன் தேளு புளியம்பழமாப் போச்சு. என் கப்பலோட கோடுங்களப் பாரு, அசைஞ்சிருக்கா?" என்பார் இவர்.

"புளியம்பழம்னாலும் கொழம்புக்கு ஆகும். ஒங்க கப்பலு எதுக்கு ஆகும்?"

அப்படிப்பட்ட மனைவி அன்று வண்டி முன்னால் போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது இதுதான்.

"எறங்குங்க."

"விடு புள்ள. சூடா வெந்நி குடிச்சாச் சரியாப் போயிரும்."

"கப்பலோட போய்ச் சேந்துட்டா நான் எந்தக் கரையில நிக்கிறது?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெற்றியில் வேர்வை கொட்டியது. நான் பக்கத்தில் போனேன். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பினாங்குலருந்து கொண்டாந்த பொட்டி வர்ற கப்பல்லயே களவு போச்சு நர்சம்மா. இப்பச் சண்டை நடக்கிறதால அங்கிட்டிருந்து கடுதாசியும் வர்றதில்ல. நான் அங்க இருந்தேங்கிறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"கோடு தடிமனா இருக்குங்க. வெட்டினாலும் ரெண்டு ஓரத்துலயும் தெளிவாத் தெரியும். கோட்டோட கோடு சேத்துத் தைக்கலாம்."

"நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"நிக்கிறேன்."

இறங்கினார்.

டாக்டரிடம் சொன்னேன். "நான் வைத்தியன்மா, ஓவியன் இல்ல" என்றார். மயக்க மருந்து ஏறியதும் நான் வயிற்றில் அயோடின் தடவினேன். கப்பலைச் சுற்றி அந்திக் கடல் பரவியது. கத்தியை எடுத்த டாக்டர் ஒரு கணம் நின்று, "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். குடல்வால் வெடிக்காமல் வெளியே வந்தது. தோலைத் தைக்கும்போது நான் பாய்மரத்தின் இரு துண்டுகளையும் இடுக்கியால் நேர்ப்படுத்திப் பிடித்தேன். "இன்னும் கொஞ்சம் மேல" என்று டாக்டரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கட்டுப் பிரித்த மத்தியானம் கப்பல்காரர் தலையணையில் சாய்ந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். பாய்மரம் சேர்ந்திருந்தது. கயிறு ஒன்று மட்டும் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது.

"காத்து மாறியிருக்கு" என்றார். பிறகு வெளிறிய வடுவைத் தொட்டு, "இது?"

"தையல்."

"தூரத்துல மின்னுதுன்னு சொல்லிக்கிறேன்."

மனைவி எட்டிப் பார்த்து, "மழை வாரதுக்குள்ள வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

இப்போதைய நிலவரம்: காயம் முழுவதும் ஆறிவிட்டது. வண்டி திருமயம் வரை போய் வருகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தையலைப் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்து உட்காருகிறார். இனிப் பார்க்க வேண்டியதில்லை என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.