துப்பாத வாய்

என் வழக்கை நானே வாதாடுவது என்று முடிவு செய்தேன். வக்கீல் வைத்துக்கொள்வது குற்றவாளிகளின் பழக்கம். நான் குற்றவாளி இல்லை. நான் ரதோயே. இந்த ஷுமாதியா மலைச்சரிவில் ஏழு ஊருக்கும் நாக்கு நான்தான்.

நாக்கு என்றால் சும்மா இல்லை. அக்டோபர் பிறந்தால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு செப்புக் கொப்பரை அடுப்பில் ஏறிவிடும். புளிக்க வைத்த பிளம் பழம் கொதித்து, ஆவியாகி, குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ரக்கியாவாக இறங்கும். கொப்பரை ஓடுகிற வீட்டைத் தாண்டிப் போகிறவன் உள்ளே வந்து ஒரு வாய் பார்த்து அபிப்பிராயம் சொல்லாமல் போனால் அந்த வீட்டுக்கு அவமானம். நான் நுழையாமல் போனால் அவமானம் இல்லை, துக்கம். முப்பது வருஷமாக நான் தலையாட்டாமல் இங்கே ஒரு பீப்பாய்க்கும் மூடி விழுந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவனைப் பட்டப்பகலில், தேவாலயத்து வளைவில், போலீஸ் நிறுத்தியது.

அன்று ஓடைக்கு அந்தப் பக்கம் கவ்ரிலோ வீட்டில் கொப்பரை ஓடியது. காலை பத்து மணிக்குக் காரில் போனேன். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினேன். நடுவில் நடந்தது முழுக்க முழுக்க உத்தியோகம். வளைவில் ஓப்ராட் நின்றிருந்தான். நல்ல பையன், சீருடை மாட்டினால் மட்டும் என்னைத் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

"ஊதுங்க அண்ணே."

ஊதினேன். மிஷின் கீச்சிட்டது.

"பூஜ்யம் புள்ளி ஒன்பது."

"அவ்வளவுதானா?"

"சட்டம் பூஜ்யம் புள்ளி ரெண்டோட நிறுத்திக்கச் சொல்லுது. நீங்க நாலரை மடங்கு போயிட்டீங்க. வண்டியை ஓரம் கட்டுங்க."

"தம்பி, நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன். வெறும் ஒன்பதா? மிஷினைத் தட்டிப் பாரு."

"மிஷின் சரியாத்தான் இருக்கு அண்ணே."

"அப்ப கவ்ரிலோ சரக்குதான் சரியில்லை!"

ரத்தப் பரிசோதனை கேட்க எனக்கு உரிமை உண்டு என்று அவன் சொன்னானாம். என் காதில் விழவில்லை. அதற்குள் என் கைக்குப் பேனா வந்திருந்தது. போலீஸ் படிவத்தில் 'ஓட்டுநரின் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுவார்களாம். என் அபிப்பிராயத்துக்கு அரசாங்கமே கட்டம் போட்டுக் கொடுக்கும்போது நான் காலியாக விடுவேனா? எழுதினேன்: 'கவ்ரிலோவின் சரக்கு தண்ணீர். என் வீட்டுச் சரக்காக இருந்திருந்தால் இந்த மிஷின் வெடித்திருக்கும்.' கீழே முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். சும்மா சொல்லக்கூடாது, கையெழுத்து அழகாக விழுந்திருந்தது.

உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்க விட்டான். ஆறு வாரத்தில் வழக்கு. அதுவரை கார் சாவி சமையலறை ஆணியில் துக்கம் காத்துத் தொங்கியது. முப்பத்தொரு வருஷமாக என் பையை விட்டு இறங்காத சாவி அது. என் மனைவி தெசாங்கா அதைத் தொட்டதுகூட இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டாள். பெண்களுக்கு கிளட்ச் பிடிபடாது என்று அன்புடன் எடுத்துச் சொன்னேன். அதோடு விட்டுவிட்டாள். உரிமம் பறிபோனால் டிசம்பரில் புனித நிக்கோலா திருநாளுக்கு என்னை விருந்துக்கு அழைக்கும் ஆறு வீட்டுக்கும் பனியில் நடந்து போகவேண்டும். ஏழு ஊரின் நாக்கு, ஈரச் செருப்போடு!

நூலகத்தில் சாலைச் சட்டப் புத்தகம் ஒன்றும், வழக்காடுவது பற்றி ஒரு குட்டிப் புத்தகமும் எடுத்துவந்தேன். பதினோரு நாள் படித்தேன். பன்னிரண்டாம் நாள் துள்ளி எழுந்தேன்.

தெசாங்கா குளிர்காலத்துக்காக முழு முட்டைக்கோஸ்களைப் பீப்பாயில் அடுக்கி உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெசாங்கா! நான் குடிக்கலை!"

"எப்ப?"

"அன்னைக்கு. வாயில வச்சு ருசி பார்த்துட்டுத் துப்பினேன். வாயில ஒட்டியிருந்ததைத்தான் மிஷின் மோப்பம் பிடிச்சிருக்கு. கால் மணி நேரம் பொறுத்து ஊதச் சொல்லியிருக்கணும். ஓப்ராட் பொறுக்கலை. கேஸ் அடிபட்டுப் போச்சு! நீதான் சாட்சி."

"நான் அங்க இல்லையே ரதோயே."

"சம்பவத்துக்கு இல்லை. என் வழக்கத்துக்குச் சாட்சி. ருசி பார்க்கிறப்ப எம் புருஷன் எப்பவும் துப்புவாருன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"நீ துப்புவியா?"

"கோர்ட்டைப் பொறுத்தவரைக்கும் துப்புவேன்."

ஒரு முட்டைக்கோஸைத் தலைகீழாகப் பீப்பாயில் அழுத்தினாள். அழுத்தின விதம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"போன வருஷம் அந்த வளைவுல கிணத்துச் சுவத்துல கொண்டுபோய் இடிச்சியே?"

"அது சுவத்தோட தப்பு."

"சுவத்துக்குப் பதிலா யாராவது தண்ணி எடுத்துக்கிட்டு நின்னிருந்தா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "அக்டோபர் பூரா வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் ரதோயே. வளைவுல கார் சத்தம் கேட்குதா, கேட்குதான்னு. அதுக்கு உன் புஸ்தகத்துல ஏதாவது சட்டம் இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தைத்தது. ஆனால் வக்கீல் என்று ஆனபிறகு உணர்ச்சிவசப்படக்கூடாது. பக்கங்களைப் புரட்டினேன்.

"அது இந்தப் பாகத்துல வராது."

இன்னொரு முட்டைக்கோஸையும் அழுத்தி அடுக்கினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. துப்புவாருன்னு சொல்லணும், அவ்வளவுதானே? சொல்றேன். ஆனா ஜட்ஜ் ஏதாவது குறுக்குக் கேள்வி கேட்டா? எனக்கு ரோட்டுச் சட்டம் ஒண்ணும் தெரியாதே. முழிச்சா உனக்குத்தானே கேவலம்."

பார்த்தீர்களா? முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்திய பயன் இது. அன்றே பாடத்தைத் தொடங்கினேன். தெசாங்கா கேட்ட கேள்விகள் இருக்கிறதே, எந்த வக்கீலின் மனைவியும் கேட்டிருக்க மாட்டாள்.

"சிக்னல் இல்லாத நாலு ரோட்டுச் சந்திப்புல யாருக்கு முதல் வழி?"

"வலப்பக்கம் வர்றவனுக்கு."

"ரவுண்டானாவுல?"

"வட்டத்துக்குள்ள இருக்கிறவனுக்கு."

"மழை பெய்யறப்ப முன்னாடி வண்டிக்கு எவ்வளவு தூரம் விடணும்?"

ருசி பார்த்துத் துப்பிய வழக்குக்கு மழை எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெருமை கண்ணை மறைத்தது. செவ்வாயும் வெள்ளியும் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு டவுனில் இருக்கும் அக்கா ஸகோர்கா வீட்டுக்கு பஸ் ஏறுவாள். "அக்காவும் கேட்கணும்னு ஆசைப்படறா" என்பாள். என் வாதத்தின் புகழ் டவுன் வரை பரவுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். கவ்ரிலோவிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான்.

வழக்கு நாள் வந்தது. "நீ முதல்ல பஸ்ல போ. நான் கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடறேன்" என்றாள். நான் நீதிமன்றத்துக்குள் நுழைந்தபோது, நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மெழுகுவர்த்தியின் சக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வாதாடியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் தட்டுவதை மறந்தாள். நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கவனித்தார். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் சும்மா கழற்றமாட்டார்கள்.

"கால் மணி நேரம் காத்திருந்தீர்களா?" என்று ஓப்ராடைக் கேட்டார்.

"இல்லைம்மா. வண்டி நின்னதும் ஊதச் சொன்னேன்."

ஓப்ராடின் கழுத்துப்பட்டை நனைந்தது. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்!

நீதிபதி படிவத்தை எடுத்து என் குறிப்பை வாய்விட்டுப் படித்தார். அறையில் சிரிப்பு. நான் அசையவில்லை.

"அது ருசி பார்க்கிறவனோட தொழில் அபிப்பிராயம் அம்மா. குடிச்சதா ஒப்புக்கிட்டது இல்லை. ஒரு சரக்கு தண்ணீர்னு தெரிஞ்சுக்க அதை முழுங்கவேண்டியதில்லை."

"நியாயம்தான்" என்றார் நீதிபதி. சத்தியமாகச் சொன்னார். என் வாழ்க்கையில் ரக்கியா இல்லாமல் தலைக்கு ஏறியது அந்த ஒரு வார்த்தைதான். "அப்படியென்றால் எல்லாம் நீங்கள் துப்பினீர்களா, விழுங்கினீர்களா என்பதில்தான் இருக்கிறது. சாட்சி?"

தெசாங்கா எழுந்தாள்.

"உங்கள் கணவர் ருசி பார்க்கும்போது துப்புவாரா?"

"துப்புவாரும்மா."

என் நெஞ்சு விரிந்தது. உட்கார் என்று கண்ணால் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"எப்பவும் துப்புவாரு. கவ்ரிலோ சரக்கை மட்டும் இல்லை, எங்க வீட்டுச் சரக்கையும் துப்புவாரு. அதைத்தான் முதல்ல துப்புவாரு."

"உங்கள் வீட்டுச் சரக்கையா? ஏன்?"

"எப்படிம்மா முழுங்கறது? பேருதான் பெரிசு. அடிப்பிடிச்ச வாடை. குடிச்சாலும் ஏறாது. வர்றவங்களுக்கெல்லாம் அதை ஊத்துவாரு, தான் மட்டும் ஜன்னல் பக்கம் போய்த் துப்பிட்டு வருவாரு. பாவம், முப்பத்தொரு வருஷமா."

தட்டச்சுப் பெண் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டிருந்தாள். அடிப்பிடிச்ச வாடை, டக் டக் டக். அரசாங்கக் காகிதத்தில், முத்திரையோடு, காலாகாலத்துக்கும்! பின் வரிசையில் ஓப்ராட், "அப்படியா சங்கதி!" என்றான்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது.

"பொய்! அத்தனையும் பொய்! என் சரக்குல அடிப்பிடிச்ச வாடையா? அம்மா, எழுதிக்கோங்க! இந்த வாய் பிறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு ரக்கியாவைத் துப்பினதில்லை! என் வீட்டுதையும் துப்பினதில்லை, அன்னைக்கு கவ்ரிலோவோட தண்ணியைக்கூடத் துப்பலை! பதினாலு கிண்ணம்! பதினாலையும் முழுங்கினேன்!"

நீதிபதி அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் தட்டச்சுப் பெண்ணிடம். "பதினாலு."

நான்கு மாதம் வண்டி ஓட்டத் தடை.

வெளியே வந்ததும் வெடித்தேன்.

"என்ன காரியம் பண்ணினே!"

"துப்புவாருன்னு சொல்லச் சொன்னே. சொன்னேன்."

"நம்ம சரக்கு மட்டம்னு சொல்லச் சொன்னேனா?"

"நல்ல சரக்கை யாராவது துப்புவாங்களா ரதோயே? ஜட்ஜ் நம்பவேண்டாமா?"

பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்பினேன். அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். அங்கே எங்கள் சிவப்புக் கார் நின்றது. இரண்டு வண்டிக்கு நடுவில், கோடு தாண்டாமல், நேராக. நான் ஒருநாளும் அப்படி நிறுத்தியதில்லை.

கைப்பையைத் திறந்தாள். ஆணியில் தொங்கிய சாவி. கூடவே ஒரு புத்தம்புது ஓட்டுநர் உரிமம். அதில் என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வாங்கினே?"

"போன வெள்ளிக்கிழமை."

"ஸகோர்கா வீடு?"

"அதே தெருவுலதான் டிரைவிங் ஸ்கூல் இருக்கு. கிளட்ச் ரெண்டு நாள்ல பிடிபட்டுது. எழுத்துப் பரீட்சையில ஒரு தப்புகூட இல்லை. யார்கிட்ட படிச்சீங்கன்னு கேட்டாங்க. எம் புருஷன்கிட்டேன்னேன்."

கோபப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரியும். முயன்றும் பார்த்தேன். ஆனால் ஒரு தப்புகூட இல்லையாமே! என் பாடம்! என் மாணவி! பக்கத்து இருக்கையில் ஏறும்போது என் முதுகு தானாக நிமிர்ந்தது.

நன்றாக ஓட்டினாள். தேவாலயத்து வளைவில் வேகத்தைக் குறைத்தாள். அங்கே குறைக்கச் சொல்லி ஒரு பலகை இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிணற்றடியில் ஒரு பெண் குடத்தோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். தெசாங்கா இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள். நான் அந்தச் சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

டிசம்பரில் ஆறு வீட்டு விருந்துக்கும் அவள்தான் கொண்டுபோய் விட்டாள். ஒவ்வொரு வீட்டிலும், "இவளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மார்ச்சில் தடை முடிந்தது. உரிமம் திரும்பி வந்தது. சமையலறையில் அவள் முன்னால் கையை நீட்டினேன்.

"சாவி."

"தர்றேன். ஒரே ஒரு கேள்வி. அக்டோபர்ல கொப்பரை ஓடுற வீட்டுக்கு நீயே ஓட்டிக்கிட்டுப் போனா, ருசி பார்த்துத் துப்பிடுவியா?"

"தெசாங்கா!" மார்பைத் தட்டினேன். "ஏழு ஊரின் நாக்கு இது. இந்த வாய் துப்பாது!"

சாவி கைப்பைக்குள் போயிற்று. இந்த முறை நீதிபதிகூடத் தேவைப்படவில்லை.