சலனானந்தர் கண்ட கால்

மாங்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது சலனானந்தரின் பல்தான். அவ்வளவு பெரிய பதாகை, அவ்வளவு பெரிய சிரிப்பு. பக்கத்தில், ‘உள்ளசைவு: உடலை அசையுங்கள், நோய் ஓடும், மனம் பேசும்’ என்று எழுதியிருந்தது. கட்டணம் கீழே சின்ன எழுத்தில். அதை வாசிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். ஆனால் உள்ளசைவுக்கு வந்தால் மூக்குக்கண்ணாடியே தேவைப்படாது என்று அதற்கும் கீழே போட்டிருந்தார்கள்.

சலனானந்தர் எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. கனடா என்றார்கள். கேரளம் என்றார்கள். இமயமலைப் பனிக்குள் நின்று ஆடிப் பழகியவர் என்றும் ஒரு கதை. ஆள் எந்த ஊர் என்று தெரியாவிட்டால் எங்கள் சனத்துக்குப் பாதி நம்பிக்கை தானாக வந்துவிடும். மீதிப் பாதிக்குத் தாடியும் வெள்ளை உடுப்பும் போதும். சனிக்கிழமை காலையென்றால் சந்திக்குப் பக்கத்துக் கலியாண மண்டபத்தில் கால் வைக்க இடமிருக்காது. துணுக்காயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், கிளிநொச்சியிலிருந்து வான் வண்டி பிடித்து வந்தார்கள். முழங்கால் நோ, பிரஷர், சீனி வருத்தம், பிள்ளை வெளிநாடு போகாத கவலை, போன பிள்ளை போன் எடுக்காத கவலை, எல்லாம் ஒரே வரிசையில் நின்றன.

முதல் ஒரு மணித்தியாலம் ஆட்டம். பாட்டைப் போட்டுவிட்டு, அவரவர் உடம்பு சொல்கிறபடி ஆடச் சொல்வார்கள். அழ வந்தால் அழலாம், சிரிக்க வந்தால் சிரிக்கலாம், தரையை உதைக்கலாம். இதில் ஒரு பிழையும் இல்லை. வயலிலும் குசினி அடுப்படியிலும் குனிந்து குனிந்து நாரி முறிந்த பெண்கள் ஒரு மணித்தியாலம் கையைக் காலை வீசி ஆடினால் உடம்பு இலேசாகத்தான் செய்யும். அதோடு விட்டிருந்தால் சலனானந்தருக்குக் கோயில் கட்டியே கும்பிட்டிருக்கலாம்.

விட்டாரா? இல்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் பாயில் படுக்க வேண்டும். கழுத்துவரை வெள்ளைத் துணி. பாதம் மட்டும் வெளியே. பாதத்தில், மண்டப வாசலில் விற்கிற ‘சக்திக் காலுறை’. சலனானந்தர் கண்ணை மூடிக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். தொட மாட்டார், தொட்டால் சக்தி கலங்குமாம். பாதத்துக்கு ஒரு சாண் மேலே கையைப் பிடித்து, உயிரோட்டம் எங்கே அடைபட்டிருக்கிறது என்று சொல்வார். அடைப்பை எடுப்பார். எடுத்த பிறகு ஒரு நிபந்தனை: இங்கிலிஷ் மருந்து தொடக்கூடாது. மாத்திரை அசைவைக் கட்டிப்போட்டுவிடுமாம்.

இந்த நிபந்தனைதான் துணுக்காய் முத்துலிங்கத்தின் நித்திரையைக் கெடுத்தது.

முத்துலிங்கம் நெல் விதைக்கிற மனிதர். வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சொந்தக் காலைக் கடைசிச் சண்டையில் ஷெல் கொண்டுபோனது. இதைத் துணுக்காயில் குழந்தைகூட அறியும். அதையெல்லாம் அவர் ஒரு மாதிரிக் கடந்துவிட்டார். இப்போது பயம் மனைவி இலட்சுமியின் காலைப் பற்றி. அவளுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், டொக்டர் எழுதுகிற பெயர் நீரிழிவு. உள்ளசைவில் சேர்ந்த நாளிலிருந்து மாத்திரையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். இப்போது இடது கால் பெருவிரலில் ஒரு புண். மூன்று கிழமையாக ஆறவில்லை.

“கிளினிக்குக்குப் போவம், வா” என்றார் முத்துலிங்கம்.

“இது நஞ்சு வெளியேறுற வழி எண்டு அங்க நிக்கிற பிள்ளை சொன்னவா. பாருங்கோ, நோவே இல்லை.”

“நோ இல்லாததுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்குக் கால் போட்ட இடத்தில பக்கத்துக் கதிரையில ஒருத்தர் இருந்தவர். எனக்கு ஷெல்லில போனது, அவருக்குச் சீனியில போனது. அவரும் நோ இல்லையெண்டு சொல்லித்தானாம் இருந்தவர்.”

இலட்சுமி முகத்தைத் திருப்பினாள். “நான் இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிச்சது அங்கதான். அது உங்களுக்குப் பொறுக்கேல்லை.”

அது முத்துலிங்கத்துக்குச் சுட்டது. ஏனென்றால் அது உண்மை. சண்டைக்குப் பிறகு அவள் சிரித்து அவர் கண்டதில்லை. இப்போது குசினிக்குள் நின்று கையை வீசி ஆடுகிறாள், பாட்டை முணுமுணுக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பறிக்க அவருக்கு மனமில்லை. அதற்காக அவளுடைய காலைக் கொடுக்கவும் மனமில்லை. எங்கள் வீட்டில் போன கால் ஒன்று போதும் என்று நினைத்தார்.

அடுத்த நாள் மாங்குளத்தில் உரம் வாங்கப் போனபோது பக்கத்துத் துணிக்கடை றவூப்பிடம் மனதில் கிடந்ததைச் சொன்னார். றவூப் சிரித்தார்.

“சக்திக் காலுறை எண்டு விக்கினம் தெரியுமோ முத்தண்ணை? பள்ளிக்கூடப் பிள்ளையள் போடுற மேசு. பெட்டி பெட்டியா என்னட்டத்தான் எடுக்கிறாங்கள். சக்தி எங்க ஏத்துறாங்களோ தெரியாது, விலை நல்லா ஏறுது.”

“இதைச் சொன்னால் இலட்சுமி நம்பமாட்டா.”

“அப்ப சொல்லாதேங்கோ. காட்டுங்கோ.”

அன்று பின்னேரம் முத்துலிங்கம் மனைவியிடம் ஒரு பந்தயம் வைத்தார். “வாற சனி நானும் வாறன். உங்கட சலனானந்தர் என்ர வலது காலைப் பார்த்து அது என்ன கால் எண்டு சொல்லட்டும். சொன்னாரெண்டால் என்ர பிரஷர் குளிசையைக் குளத்தில எறியிறன், உன்னோட நானும் ஆடுறன். சொல்லேல்லையெண்டால் அங்கயிருந்து நேரா கிளினிக்.”

இலட்சுமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “உதென்ன பெரிய வேலை? கண்ணை மூடினபடியே சொல்லுவார்.”

அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அதனால் பக்கத்து வீட்டுச் சிவதர்சினியிடமும் சொல்லிவிட்டாள். சிவதர்சினியிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன கணக்கு. சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. தெரியாதது சலனானந்தருக்கும் அவருடைய உதவிக்காரிக்கும் மட்டும்தான்.

வாசலில் உதவிக்காரி தேனாகக் கதைத்தாள். “உங்களுக்கு என்ன பிரச்சினை அங்கிள்?”

“வலது கால் பிள்ளை. சில நேரம் விரலெல்லாம் நோகும்.”

அவர் பொய் சொல்லவில்லை. இல்லாத விரல்கள் இன்றைக்கும் அவருக்கு நோவதுண்டு. உதவிக்காரி உள்ளே போய்க் குருவின் காதில் என்னவோ சொன்னாள். ஆட்டம் முடிந்ததும் முத்துலிங்கம் நீளக் காற்சட்டையோடு படுத்தார். இரண்டு பாதத்திலும் வெள்ளை மேசு. எது கால், எது ரப்பர் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

சலனானந்தர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். முதலில் இலட்சுமியின் இடது பாதத்துக்கு மேலே கையைப் பிடித்தார். “பளிங்கு மாதிரி இருக்கு. இந்த மண்டபத்துலயே சுத்தமான பாதம் இதுதான்” என்றார். அவருடைய தமிழ், தொலைக்காட்சி நாடகத் தமிழ். பிறகு முத்துலிங்கத்திடம் வந்தார். பாய்களிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

“அடடா. வலது கால்ல பெரிய அடைப்பு இருக்கே.”

“ஓம் ஐயா” என்றார் முத்துலிங்கம்.

“சின்னப் பையனா இருந்தப்போ மரத்துல இருந்து விழுந்திருக்கீங்க. அந்தப் பயம் இந்தப் பெருவிரல்ல உறைஞ்சு கிடக்கு. இருங்க, எடுத்துடறேன்.” கையை இரண்டு சுற்றுச் சுற்றினார். “இப்போ ரத்தம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. சூடு தெரியுதா?”

“தெரியேல்லை ஐயா.”

“தெரியும், தெரியும். விரல் துடிக்குது பாருங்க.”

சிவதர்சினி போர்த்திருந்த துணி குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள். முத்துலிங்கம் எழுந்து உட்கார்ந்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். பட்டியைக் கழற்றினார். காலை மேசோடு தூக்கிச் சலனானந்தருக்கு நீட்டினார்.

“வடிவாக் கையில வைச்சுப் பாருங்கோ ஐயா. இது சின்ன வயசில மரத்தால விழேல்லை. இது பிறந்தே எட்டு வருசம்தான்.”

சலனானந்தர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணைத் திறந்தார். உதவிக்காரி இரண்டு அடி பின்னால் போனாள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆனால் சும்மா தாடி வளர்த்தவரா அவர்? ஒரு நிமிடத்தில் சமாளித்துக்கொண்டார்.

“நான் பார்த்தது இந்த ஜடக் காலை இல்லை. போன காலோட சூட்சுமம் இன்னும் இங்கதான் இருக்கு. அதைத்தான் பார்த்தேன்.”

சிரிப்பு அடங்கியது. பின் வரிசையில் ஒருவர், “பாத்தியளே, ரப்பர் காலிலையே உயிரைக் கண்டிட்டார், எவ்வளவு பெரிய ஆள்” என்றார். இரண்டு பேர் ஓம் ஓம் என்றார்கள். எங்கள் சனம் லேசுப்பட்ட சனமா? ஏமாற்றுகிறவன் தடுக்கி விழுந்தால் தூக்கிவிட முதலில் ஓடுவது ஏமாந்தவர்கள்தான்.

முத்துலிங்கம் நீட்டிய காலைத் திருப்பி மடியில் வைத்தார். காலைக் கழற்றிக் காட்டிவிட்டார், இதற்குமேல் கழற்ற அவரிடம் எதுவும் இல்லை. இலட்சுமியைப் பார்த்தார். அவள் குனிந்து தன் இடது கால் காலுறையை மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள். அது புண்ணில் ஒட்டியிருந்தது. உரித்ததும் பக்கத்துப் பாய்க்காரி மூக்கைப் பொத்தினாள்.

“ஐயா” என்றாள் இலட்சுமி. “இல்லாத காலின்ர சூட்சுமம் உங்களுக்குத் தெரியுது. இருக்கிற காலில இந்தப் புண் ஏன் தெரியேல்லை? மூண்டு கிழமையா இதைப் பளிங்கு எண்டு சொல்லுறியள்.”

“அது நஞ்சு வெளியேறுதும்மா.”

“அப்ப அதை நான் மேசு கழட்ட முதல் சொல்லியிருக்க வேணும்.”

சலனானந்தர் உதவிக்காரியைப் பார்த்தார். உதவிக்காரி பாட்டைப் போட்டாள். நல்ல சத்தமாகப் போட்டாள். ஒருவரும் ஆடவில்லை. ஒவ்வொருவராகக் காலுறையைக் கழற்றத் தொடங்கினார்கள், மண்டபத்தின் நடுவில் வெள்ளைக் குவியல் ஒன்று எழும்பியது. சனம் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் சலனானந்தர் சமையலறைப் பக்கத்துக் கதவால் போய்த் தன் வான் வண்டிக்குள் ஏறிவிட்டார். அன்றைக்கு மண்டபத்தில் உண்மையான வேகத்தோடு அசைந்தவர் அவர் ஒருவர்தான்.

கிளினிக்கில் தாதி இலட்சுமியைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. டொக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இப்ப வந்தது நல்லது. விரலைக் காப்பாத்தலாம். மாத்திரையை மட்டும் திருப்பி நிப்பாட்டாதேங்கோ” என்றார். முத்துலிங்கம் வெளியே விறாந்தையில் நின்று அழுதார். சந்தோஷத்தில் வந்த அழுகை, அதனால் அவர் மறைக்கவில்லை.

“டொக்டர், ஆடலாமோ?” என்று இலட்சுமி கேட்டது அவருக்கு உள்ளேயிருந்து கேட்டது.

“புண் ஆறுமட்டும் கதிரையில இருந்துகொண்டு ஆடுங்கோ.”

ஆடினாள். இப்போது சனிக்கிழமைகளில் துணுக்காய்ப் பொதுமண்டபத்தில் பாட்டுப் போடுகிறார்கள். கட்டணம் இல்லை, காலுறை இல்லை, குருவும் இல்லை. இலட்சுமி கட்டுப்போட்ட விரலோடு கதிரையில் இருந்தபடியே கையாலும் தோளாலும் ஆடுகிறாள். நாரி நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறார்கள் பெண்கள். சீனி மாத்திரை சீனியைப் பார்த்துக்கொள்கிறது.

போன கிழமை ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிவதர்சினி பக்கத்தில் வந்து இருந்தாள். “இலட்சுமியக்கா, வவுனியாவில ஒருத்தர் வந்திருக்கிறாராம். நிழலைப் பார்த்தே வருத்தம் சொல்லுவாராம். ஒருக்காப் போய்ப் பாப்பமே?”

இலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கை அசையுது, கால் அசையுது, இடுப்பும் நல்லா அசையுது பிள்ளை. கிழமையில ஒரு நாளைக்கு மூளையையும் கொஞ்சம் அசைச்சுப் பார். அதுக்கும் ஒருத்தரும் காசு கேக்கமாட்டினம்.”