மாடிப்படி சுவிட்சும் முப்பத்துநாலு வருஷ சர்வீசும்

"எலெக்ட்ரீஷியனா? என் வீட்டுக்கா? நான் உயிரோட இருக்கும்போதா?"

தாயுமானவன் போட்ட சத்தத்தில் கொல்லை முருங்கையிலிருந்த இரண்டு காக்காய்கள் கிளம்பிக் கொள்ளிடத்தைத் தாண்டிப் போய்விட்டன. இன்றுவரை ஸ்ரீரங்கம் திரும்பவில்லை என்று கேள்வி.

கோபம் வராமல் என்ன செய்யும்? கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில், மின்சாரப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் சர்வீஸ் போட்டவர். அவர் தொழிற்கூடத்துக்குள் நுழைந்து தொண்டையைச் செருமினால், மக்கர் பண்ணிய மோட்டார் பயந்துபோய்த் தானாக ஓடும். அவரே சொன்னதுதான். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் அவர் மனைவி உமாமகேஸ்வரி, காலை இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, "மாடிப்படி சுவிட்சுக்கு அந்த இர்பானாப் பொண்ணை வரச் சொல்லட்டுமாங்க? ஐ.டி.ஐ. முடிச்ச பொண்ணு, பத்து நிமிஷத்துல முடிச்சுடும்" என்று சொல்லிவிட்டாள்.

"பத்து நிமிஷமா! அந்தப் பொண்ணு பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் பதினோராயிரம் வோல்ட்டோட பேசிக்கிட்டிருந்தவன்!"

"அது சரிங்க. இப்ப அறுபத்தேழு ஆச்சே. கை நடுங்குது, கண்ணு தெரியல..."

"யாருக்குக் கை நடுங்குது?" என்று கையை நீட்டினார். கையிலிருந்த சட்னி உமா மேல் தெறித்தது. "இது கோபம்! நடுக்கம் இல்லை!"

வீடு பழைய வீடு. படியேறினால் நேரே மாடிக் கூடம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு. அதற்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரிய வேண்டும், எதைத் தட்டினாலும் அணைய வேண்டும். கீழ் சுவிட்ச் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. மேல் சுவிட்ச் மட்டும்தான் வேலை செய்தது. அந்த விளக்கின் அடியில்தான் தாயுமானவனின் கேரம் சபை தினமும் மாலை ஆறு மணிக்குக் கூடும். ரயில்வேயில் ரிட்டயரான பிச்சமுத்து உட்பட நாலு பேர். "சாப்பிட வாங்க" என்று உமா கீழேயிருந்து எட்டு மணிக்குக் கத்துவாள். பத்து மணிக்குத்தான் அது மேலே போய்ச் சேரும்.

மனிதருக்கு உயிர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று அந்த முப்பத்துநாலு வருஷம். இன்னொன்று கேரம் போர்டு.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நானே சரி பண்றேன். வெளியாள் கை பட்டுச்சுன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு!"

உடனே தொழிற்சாலை முறைப்படி வேலை ஆரம்பமாயிற்று. முதல் விதி, சப்ளையைத் துண்டிக்க வேண்டும். மெயின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். இரண்டாம் விதி, எச்சரிக்கைப் பலகை. பழைய காலண்டர் அட்டையில் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள். தொடாதே' என்று சிவப்பில் எழுதித் தொங்கவிட்டார். மூன்றாம் விதி, கழற்றும்போது ஒயர்களுக்கு அடையாளம் வைக்க வேண்டும். அது கற்றுக்குட்டிகளுக்கு. அவருக்கு எதற்கு?

கீழ் சுவிட்சைக் கழற்றினார். மூன்று ஒயர்கள் வெளியே வந்து விழுந்தன. மூன்றும் கறுப்பு. மூன்றும் ஒரே தடிமன். முன்பின் தெரியாதவர்கள் மாதிரி சுவரோரம் தொங்கின.

"எது எங்க இருந்துச்சுங்க?" என்றாள் உமா.

"எல்லாம் மண்டையில இருக்கு" என்று சொல்லிவிட்டு, புது சுவிட்ச் வாங்க பஸ் ஏறிப் பெரியகடை வீதிக்குப் போய்விட்டார். பியூஸ் கட்டையும் சட்டைப் பையில் கூடவே போயிற்று.

திரும்பி வந்தபோது வாசலில் உமா நின்ற நிற்பைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"கிரைண்டர்ல மாவு பாதியில நிக்குது. தொட்டியில தண்ணி இல்ல. ஃபேன் இல்ல. பியூஸைப் பையில போட்டுக்கிட்டு ஊர் சுத்தப் போற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

"அதான் விதி! யார் கழட்டினாங்களோ அவங்க பையிலதான் இருக்கணும்! பேக்டரியில இதுக்காக எத்தனை உயிர் பிழைச்சிருக்கு தெரியுமா?"

"பேக்டரியில யாரும் இட்லிக்கு மாவு அரைக்கல."

புது சுவிட்சை மாட்டினார். பியூஸைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார்.

"உமா! போடு!"

"போட்டாச்சு!"

"எரியலையே!"

"நீங்க மேல போடுங்க!"

"எரியுது! இப்ப நீ அணை!"

"அணைஞ்சுதா?"

"அணைஞ்சுது! இப்ப நான் மேல போடறேன்... எரியலையே! கீழ என்ன பண்றே?"

"நான் சும்மாதாங்க நிக்கிறேன்!"

"சும்மா நிக்காதே! சும்மா நின்னா எப்படி எரியும்?"

விஷயம் இதுதான். மூன்று ஒயரில் ஒன்று தலைவர், இரண்டு தொண்டர். தலைவரைத் தலைவர் இடத்தில் உட்கார வைக்காவிட்டால், மேல் சுவிட்ச் கீழ் சுவிட்சிடம் அனுமதி கேட்டுத்தான் விளக்கு ஏற்றும். மாற்றிப் பார்க்க மொத்தம் மூன்றே வழிதான் உண்டு. தாயுமானவன் பதினேழு வழியில் மாட்டினார். ஒவ்வொரு தடவையும் பியூஸைப் பிடுங்கினார், போட்டார், படி ஏறினார், இறங்கினார். சமயபுரத்துக்கு நடந்து போயிருந்தால்கூட அந்நேரம் சாமி கும்பிட்டுத் திரும்பியிருக்கலாம்.

"இர்பானாவுக்கு ஒரு போன்..." என்று உமா வாயெடுத்தாள்.

"பேசாதே!"

பதினெட்டாவது தடவை கீழே தட்டினால் எரிந்தது. மேலே தட்டினால் அணைந்தது. மேலே போட்டால் கீழே அணைக்க முடிந்தது. தாயுமானவன் நாற்பது தடவை தட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கூட இரண்டு தடவை தட்டிக் காட்டினார்.

"பார்த்தியா? சர்வீஸ்!"

"சும்மா சொல்லக் கூடாதுங்க" என்றாள் உமா. "ரெண்டு வருஷமாக் கிடந்ததை ஒரே நாள்ல உயிர் வர வச்சுட்டீங்க." சூடாக ஒரு காபியும் கொடுத்தாள். அந்தக் காபி வழக்கத்தைவிடத் தித்திப்பாக இருந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

மாலை ஆறு மணிக்குச் சபை கூடியது. சாதனை விளக்கமாகச் சொல்லப்பட்டது. பிச்சமுத்து மூன்று தடவை கொட்டாவி விட்டார். எட்டு மணி. போர்டில் சிவப்புக் காய் ஒன்றும் வெள்ளை ஒன்றும்தான் மிச்சம். தாயுமானவன் ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி, ஸ்ட்ரைக்கரைச் சுண்டப் போனார்.

டிக்.

கூடம் இருண்டது.

"உமா!"

"மணி எட்டு! சாப்பிட வாங்க!" கீழேயிருந்து குரல், சத்தமே போடாமல், சாவகாசமாக.

தட்டுத் தடுமாறி எழுந்து மேல் சுவிட்சைத் தட்டினார். எரிந்தது. உட்கார்ந்தார். டிக். இருட்டு. எழுந்தார். டிக். வெளிச்சம். உட்கார்ந்தார். டிக். கீழே உமாவுக்கு சுவிட்ச் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தது. இவருக்குத்தான் முழங்கால் வலி.

"சார்," என்றார் பிச்சமுத்து இருட்டிலிருந்து. "கீழ சுவிட்ச் செத்துக் கிடந்தவரைக்கும் நாம நல்லா இருந்தோம். அதுக்கு ஏன் சார் உயிர் கொடுத்தீங்க?"

"கழட்டி விட்டுடுங்க சார்," என்றது இன்னொரு குரல்.

கழற்றலாம். ஒரு நிமிஷ வேலை. ஸ்க்ரூடிரைவர்கூடச் சட்டைப் பையில் இருந்தது. தாயுமானவன் கை அதைத் தொட்டது.

"என்னங்க," என்றாள் உமா, ரொம்பக் கரிசனமாக. "விளக்கு விட்டு விட்டு எரியுதே. நீங்க மாட்டினதுல ஏதாவது கோளாறா? காலையில அந்தப் பொண்ணை வந்து பாக்கச் சொல்லட்டுமா?"

"கோளாறா? என் வேலையிலயா?" கும்மிருட்டில் காய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பொறுக்கி டப்பாவில் போட்டபடியே தாயுமானவன் கர்ஜித்தார். "பிரமாதமா வேலை செய்யுது!"