விட்டுவிட்ட முப்பத்தொன்றேகால் அங்குலம்

கரடிக்கால் ஏரி, வடக்கு மின்னசோட்டா
மார்ச் 16

மதிப்பிற்குரிய ஆர்மாஸ் மச்சானுக்கு,

உங்கள் தங்கை புருஷன் வெய்னோ எழுதுவது. இங்கே நானும் ஐலாவும் நலம். அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் மடங்குகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று அறிய ஆவல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கைதாகவில்லை. சனிக்கிழமை ஐலா உங்களுக்கு ஃபோன் போட்டு, "அவரைப் புடிச்சுட்டாங்கண்ணா, கையப் புடிச்சு இழுத்துட்டு வர்றாங்க" என்று அழுதாளே, அதில் கையைப் பிடித்தது மட்டும்தான் உண்மை. இப்போது நெஞ்சுப் பாரம் இறங்கி, பத்து வயது குறைந்தவன்போல் இருக்கிறேன். நடந்ததைக் கேளுங்கள்.

வால்ஐ மீனுக்குப் பிப்ரவரிக் கடைசியோடு தடை வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக நானும் அத்தோடு தூண்டிலை மூட்டைகட்டிவிடுவேன். இந்த வருஷம் வீட்டில் உட்கார முடியவில்லை. காரணம் நீங்கள்தான். அரிசோனா போகும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று என் வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனீர்களே, நீங்கள் பிடித்துப் பாடம்செய்து வைத்த முப்பது அங்குல வால்ஐ, அது பத்தொன்பது வருஷமாக நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பெர்ச் என்ற சின்ன மீனுக்குத் தடை இல்லையே என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஏரி நடுவில் பனிக்கட்டி இன்னும் முழங்கால் ஆழத்துக்குக் கல்லாக இருக்கிறது, ஆனால் கரையோரம் இளகி இரண்டு எட்டு அகலத்துக்குத் தண்ணீர் தெரிகிறது. எல்லாரும் போட்டு வைத்திருக்கும் பலகை மேல்தான் நானும் நடந்தேன். அது என் காலில் மட்டும் ஏன் புரண்டது என்று தெரியவில்லை. இடுப்புவரை உள்ளே போனேன். ஃபோனும் பர்ஸும் என்னோடு சேர்ந்து குளித்தன. புத்தியுள்ளவன் வீட்டுக்குத் திரும்பியிருப்பான். வீட்டில் ஐலா இருந்தாள், அதனால் பூட்ஸில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு முன்னால் நடந்தேன்.

பனிக்கட்டியில் துளை போட்டு உட்கார்ந்து இரண்டு பெர்ச் எடுத்தேன், இரண்டும் உள்ளங்கை நீளம். மூன்றாவது இழுத்தபோது தூண்டில் ஏரியடியில் கிடக்கும் அடிமரத்தில் மாட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன், அப்புறம் அடிமரம் நகர ஆரம்பித்தது. கால் மணி நேரம் மச்சான், நான் இழுக்க அது இழுக்க, கால் விறைத்ததுகூடத் தெரியவில்லை. கடைசியில் துளையில் தலையைக் காட்டியபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. வால்ஐ. உங்களுடையதற்கு அக்கா மாதிரி இருந்தது. உடனே விட வேண்டும் என்பது சட்டம், எனக்கும் தெரியும். அளக்க டேப் இல்லை, படம் பிடிக்க ஃபோனுக்கு உயிர் இல்லை. இதை விட்டுவிட்டு வந்து சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? விடாமல் மாட்டிக்கொண்டால் மே மாதம் நீங்கள் வரும்போது தூண்டிலைத் தொடக்கூட எனக்கு உரிமை இருக்காது. இப்படி நான் குழம்பிக்கொண்டிருந்தபோதே பின்னால் ஒரு பனிவண்டி வந்து நின்றது. மீன்வளக் காவல் அதிகாரி பெத் லண்ட்கிரென். முப்பது வயதுகூட இருக்காது, பார்வை மட்டும் என் மாமியாருடையது.

"பெரியவரே, அது பெர்ச்சா?"

"இல்லம்மா. விடத்தான் போறேன்."

"எப்போ, மே மாசம் தடை முடிஞ்சப்புறமா?"

மறைத்து என்ன பயன்? "மச்சானோட மீன் முப்பது அங்குலம்மா. பத்தொம்பது வருசமா என் வீட்டுச் சுவத்துலயே தொங்குது. ஒரே ஒரு தடவ அளந்துட்டு விட்டுர்றேன்" என்றேன். அவள் சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவி, ஒரு நொடியில் வைத்து எடுத்தாள்.

"முப்பத்தொண்ணேகால். இப்ப விடுங்க."

விட்டேன். முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே போய்விட்டது. மீன்பிடி லைசென்ஸ் கேட்டாள். நனைந்த பர்ஸில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரவில்லை. "சரி, பிச்சுராதீங்க, வீட்ல காய வெச்சு எடுங்க" என்றவள், தானாகவே தன் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து என் பெயர், தேதி, முப்பத்தொன்றேகால், விடப்பட்டது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். "இல்லேன்னா உங்க மச்சான் நம்பமாட்டாரு" என்றாள். தங்கமான பெண். பிறகு நான் மறுபடியும் விழாமலிருக்கக் கையைப் பிடித்துப் பலகை தாண்டிக் கரையில் விட்டாள். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை, நான் எப்படியும் நனைவேன் என்று தெரிந்து, உலர்ந்த காலுறையோடு கரைக்கு வந்து சேர்ந்தாள். மீதியை அவளே உங்களிடம் ஃபோனில் சொல்லிவிட்டாள்.

ஆகவே மச்சான், மே மாதம் வரும்போது உங்கள் மீனை வைக்க வேறு சுவர் பார்த்துக்கொண்டு வரவும். அந்த இடத்தில் அதிகாரி எழுதிக்கொடுத்த சீட்டைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன். உங்கள் பார்வைக்கு அதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலில் உங்கள் முழங்காலை நினைத்துச் சூட்டுக்கல்லில் ஒரு குவளை தண்ணீர் கூடுதலாக ஊற்றுகிறோம். நூறாண்டு இருங்கள்.

அன்புடன்,
வெய்னோ கங்காஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, பர்ஸில் இருந்ததைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்த ஐலா கேட்டாள்: "ஏங்க, இந்த லைசென்ஸ் பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சே. புதுசு எங்க?" புதியதை ஒவ்வொரு வருஷமும் மே மாதம் நீங்கள் வந்த பிறகு இருவரும் சேர்ந்து போய்த்தானே வாங்குவோம்? சீட்டில் அந்தப் பெண் தேதியை வேறு தெளிவாக எழுதியிருக்கிறாள். எனவே சீட்டை இணைக்கவில்லை. அது அடுப்புக்குள் போய்விட்டது. சனிக்கிழமை நான் ஏரிப் பக்கமே போகவில்லை. நம் குடும்பத்தில் பெரிய மீன் உங்கள் முப்பது அங்குலம்தான், அது சுவரிலேயே இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் படித்ததும் எரித்துவிடவும். எரிக்கும் முன்னால், அவள் டேப் வைத்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.