மூன்றாவது ஓட்டு

பிசைந்த ரொட்டி மாவு சட்டசபை உறுப்பினர் தோர்வாலின் நெற்றியில் போய் அப்பிக்கொண்ட பிறகுதான், தன் கை சும்மா இருக்கவில்லை என்பது கிளேவிஸுக்கே தெரிந்தது.

மாவின் மேல் குற்றமில்லை. தோர்வால் நின்று ஓட்டுக் கேட்ட இடம் அப்படி. மொரீசியஸில் சுதந்திரக் கொடி ஏறிய வருஷம், கிளேவிஸின் ரொட்டிக்கடை வாசலில் அவரே ரிப்பன் வெட்டித் திறந்த குழாய் அது. எட்டு வருஷமாக அதில் காற்று வந்தது. ஒருமுறை பல்லி வந்தது. புயல் அடித்த ஒரு நாள் சின்ன நண்டு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊர் வேண்டாமென்று உள்ளே திரும்பிவிட்டது. தண்ணீர் மட்டும் வரவில்லை. அது பாதி வழியிலேயே மனம் மாறி, தோர்வாலின் கோழிப்பண்ணைக்குப் போய்விட்டது.

கிளேவிஸ் தினமும் ஆற்றிலிருந்து தகரத்தில் தண்ணீர் சுமந்து மாவு பிசைந்தான். ஒரு தோள் இறங்கிப்போனதில், தையற்காரர் அவனுடைய சட்டைக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக அளவெடுப்பார்.

அந்தக் குழாயின் தலையில் கையை வைத்துக்கொண்டுதான் தோர்வால் கேட்டார்: "நம்ம ஆளுக்கு நாமளே போடலேன்னா வேற எவன் போடுவான்?"

கிளேவிஸும் அவர் இனம்தான். இருவருக்கும் ஞானஸ்நானம் ஒரே தொட்டியில் நடந்தது. அந்தத் தொட்டியிலாவது தண்ணீர் இருந்தது. இதை நினைத்தபோதுதான் மாவு கிளம்பியது.

மறுநாள் தோர்வால் தலையில் பெரிய கட்டுடன் வீடு வீடாக ஏறி இறங்கினார். வாய் திறக்கவில்லை. கட்டைத் தொட்டுக் காட்டிப் பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். பெத்தி கொராய் கிராமத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

கிளேவிஸின் மனைவி லிசெத் சொன்னாள்: "ஏ மனுஷா, ஒரு ஓட்டுகூட இல்லாத ஆளுக்கு ஒரு உருண்டை மாவுல பாதி ஊரை வாங்கிக் குடுத்துட்டியே."

மாவு பட்டால் வலிக்காது என்று நிரூபிக்கக் கிளேவிஸ் முச்சந்தியில் போய் நின்றான். யார் வேண்டுமானாலும் தன் மேல் மாவை எறிந்து பார்க்கலாம் என்று அறிவித்தான். ஊர் ஆர்வமாக வந்தது. மாவு தீர்ந்தது, ஆர்வம் தீரவில்லை. யாரோ முந்தாநாள் ரொட்டியை எறிந்தார்கள். அவனுடைய முன்பல் போயிற்று. 'மாவுக்காரன் பல்லே போச்சு, பாவம் தோர்வால் எப்படித் துடிச்சிருப்பார்' என்று ஊர் பேசிக்கொண்டது.

பல் போன கோபமும் சேர்ந்துகொள்ள, கிளேவிஸ் கணக்குப் போட்டான். தொகுதிக்கு மூன்று இடம். ஆளுக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் போட்டே ஆகவேண்டும். குறைந்தால் சீட்டு செல்லாது. மருந்துக்கடை ஜூமனுக்கும் பஸ் முதலாளி சூபனுக்கும் ஊரே போடத் தயாராக இருந்தது. சிக்கல் மூன்றாவது ஓட்டில்தான். மிச்சமிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோர்வால். இன்னொருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பிஸ்நாத்.

"மூணாவது வாத்தியாருக்கு" என்று கிளேவிஸ் லீ-சியோங்கின் மளிகைக்கடையில் நின்று சொன்னான். கடையின் பின்பக்கம் ரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள். எல்லாக் கையிலும் பிஸ்நாத்தின் பிரம்பு ஒரே மாதிரி எழுதியிருந்தது. இந்த நாட்டில் இனம் பார்க்காமல் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தது அது ஒன்றுதான். மீசை முளைத்த பிறகு சீனாவிலிருந்து கப்பலேறி வந்த லீ-சியோங் மட்டும் கையைக் காட்டாமல் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அடிச்ச கைக்கா ஓட்டு?" என்று கேட்டான் கொல்லன் ஹனீப்.

"டேய், அவர் கையில அடிச்சார். தோர்வால் வயித்துல அடிச்சான். வயிறு பெருசா, கை பெருசா?"

ஹனீப் யோசித்துவிட்டு, இன்னும் கைதான் வலிக்கிறது என்றான்.

வாத்தியாரே வந்து ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் சரியாகிவிடும் என்று கிளேவிஸ் நினைத்தான். பக்கத்து ஊரில் குடியிருந்தவரை அழைத்தும் வந்தான். பிஸ்நாத் வருத்தம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். முன்னால் அத்தனை பழைய முகங்களைக் கண்டதும் பழக்கதோஷத்தில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றார்கள். ஹனீபிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். அது அன்றைக்கும் ஐம்பத்தாறைத் தாண்டவில்லை. கடைசியில் கிளேவிஸ் பக்கம் திரும்பினார்.

"கையை நீட்டு."

தனக்காக ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டவனிடம் அவர் சொன்னது அதுதான். கிளேவிஸ் நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நகத்தை வெட்டுடா, கழுதை."

கடை குலுங்கியது. கிளேவிஸும் எல்லாரையும் போலச் சிரித்தான். காதுகள் மட்டும் செக்கச் செவேலென்று, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருந்தன.

தேர்தல் முடிந்து பெட்டிகள் எண்ணப்பட்டன. ஜூமன், சூபன், பிஸ்நாத். மற்ற ஊர்களின் தயவில் வாத்தியார் மயிரிழையில் ஏறிவிட்டார். தோர்வால் நாலாவது.

கிளேவிஸ் அன்று ஊருக்கெல்லாம் இலவசமாக ரொட்டி கொடுத்தான். அதோடு நின்றிருக்கலாம். கடப்பாரையை எடுத்து வந்து, எட்டு வருஷத்துப் பொய்யான அந்தக் குழாயை வேரோடு பிடுங்கி, ஒரு மரப்பலகையில் ஆணியடித்துக் கடைக்குள் மாட்டினான். மான் தலை மாட்டுகிற வெள்ளைக்காரன்கூட அத்தனை பெருமையாக மாட்டியிருக்க மாட்டான்.

எங்கள் நாட்டுச் சட்டம் இளகிய மனசுக்காரச் சட்டம். தோற்றவர்களிலும் நன்றாகத் தோற்றவர் என்று ஒரு பதவி வைத்திருக்கிறது. சபையில் எந்த இனத்துக்கு ஆள் குறைந்ததோ, அந்த இனத்தில் அதிக ஓட்டு வாங்கித் தோற்றவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கொடுக்கும். அந்த வாரமே ரேடியோ பெயர் வாசித்தது. தோர்வால், மாண்புமிகு தோர்வாலாகத் திரும்பி வந்தார். தலைக்கட்டு இன்னும் அவிழவில்லை. வேலை செய்கிற பொருளை யாராவது அவிழ்ப்பார்களா?

மளிகைக்கடை முன்னால் ஊர் கூடியது. தோர்வால் கைகூப்பினார்.

"தெற்குல தோத்த இன்னொரு நம்மாளைவிட நான் நல்லாத் தோத்திருக்கேன். அதுக்கு இந்த ஊர்ப் பெட்டிதான் காரணம். வாத்தியாருக்கு இங்க விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. மிச்ச மூணாவது ஓட்டு அத்தனையும் எனக்கு. நன்றிக்கடனா இன்னைக்கே தண்ணி விடச் சொல்லி அதிகாரியையும் கூட்டிட்டு வந்திருக்கேன். எங்கய்யா குழாய்?"

ஊர் கிளேவிஸைப் பார்த்தது. அதிகாரி எதிரே ரொட்டிக்கடை வாசலில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். குழாய் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் விட விதி இல்லை என்றார். இருவரும் காரில் ஏறிப் போனார்கள். தண்ணீர் கோழிப்பண்ணையிலேயே தங்கிவிட்டது.

கிளேவிஸ் ஊர்ப் பக்கம் திரும்பினான். துரோகிகள் என்றான். ஓசி ரொட்டியைத் தின்ற வாய் புழுத்துப் போகும் என்றான். பிரம்படிக்குப் பயந்த கைகளுக்கு இனிமேல் தன் கடையில் ரொட்டி கிடையாது என்றான். லிசெத்தைக்கூட விடவில்லை, அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹனீப் கையைப் பையில் மறைத்துக்கொண்டான். தலை நிமிர்ந்தவர் ஒருவரும் இல்லை.

கிளேவிஸ் மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டான். "வாத்தியாருக்கு விழுந்த அந்த ஒத்த ஓட்டு யாரோடது தெரியுமாடா? என்னோடது! இந்த ஊர்ல சொன்ன சொல்லைக் காப்பாத்தின ஒரே மனுஷன் நான்தான்!"

லீ-சியோங் தராசைக் கீழே வைத்தார்.

"அது என் ஓட்டு, கிளேவிஸ். அந்த வாத்தியார்கிட்ட படிக்காதவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்."