ஏழாவது அடிக்கு முத்திரை

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம், கீழ்வீட்டுக்காரரின் கூரைப்பூச்சு நீங்கலாக. அங்கு தாங்களும் அக்காவும் தங்கள் முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக நாம் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் தங்களுக்கு நினைவிருக்கும். நம் எண்மர் ஆட்டத்தில் ஏழாவது அடிக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றேன் நான். இடப்பக்கம் என்றீர்கள் தாங்கள். அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் பிழையைத் திருத்தியே சம்பளம் வாங்கியவனை, "உனக்கு வலது எது இடது எதுன்னே தெரியாது" என்று என் சம்பந்தி முன்னாலேயே சொன்னீர்கள். போகட்டும். அந்த வழக்குக்கு நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது.

கலைப் பதிவகத்திலிருந்து ஓர் அம்மாள் கேமராவோடு வருவதாகக் கடிதம் வந்தது. எட்டுப் பேர் நிறுத்தாமல் ஆடிக் காட்டினால் ஆட்டம் பதிவேட்டில் ஏறும், இல்லாவிட்டால் 'வழக்கொழிந்தது' என்று எழுதி மூடிவிடுவார்களாம். நான் உயிரோடு இருக்கும்போதே ஆட்டத்துக்கு இரங்கல் எழுதுவதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. தையல்காரர், பல் டாக்டர், லிஃப்ட் மெக்கானிக், என் மனைவி, அவளுடைய யோகா தோழிகள் மூவர் என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் பிடித்து, சோபாவைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு, மூன்று மாதம் சாயங்காலம் தவறாமல் எங்கள் ஹாலில் ஆடினோம். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார், நாங்கள் தாளம் கிடைத்ததென்று வேகத்தைக் கூட்டினோம், பூச்சு பெயர்ந்து அவர் சூப்பில் விழுந்தது, அவர் வீட்டு உரிமையாளரிடம் புகார் கொடுத்தார். நேற்று அந்த அம்மாள் வந்து கேமராவையும் பொருத்திவிட்டார், பார்த்தால் பல் டாக்டருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏழே பேர். அம்மாள் பேனாவை எடுத்து 'வழக்' வரை எழுதிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து நின்றார். எட்டாவது ஆளாக நிற்கச் சொல்லி நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எனக்குத் தெரியாத அடியா? மூணு மாசமா என் தலைமேலதானே ஆடுறீங்க. நாலு மெதுவா, மூணு பலமா, அப்புறம் ஒரு தாவல்" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஆடினோம் அத்தான், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நிற்காமல். ஏழாவது அடியில் மட்டும் அந்த மனுஷன் இடப்பக்கம் திரும்பப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து வலப்பக்கம் திருப்பிவிட்டேன். "எந்தப் பக்கங்க சரி?" என்று அம்மாள் கேட்டார். வலம் என்றேன். அப்படியே எழுதி முத்திரை குத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். மூன்றாம் வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன், தாங்கள் அதைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். ஜெயித்த மமதையில் எழுதவில்லை, ஆனால் ஜெயித்துவிட்டேன்.

இப்படிக்கு,
வலப்பக்கம் திரும்பும் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடப் போன என் மனைவி, நம் பழைய குழுப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பின்புறம் 'ஏழாவது அடி' என்று தங்கள் கையெழுத்து. ஏழு பேர் இடப்பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வலப்பக்கம் திரும்பியிருக்கும் ஒருவனுக்கு அப்போது நல்ல தலைமுடி. நீங்கள் அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். பதிவேட்டைத் திருத்தப் பழைய ஆட்டக்காரர் இருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். மிச்சமிருப்பது நாம் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அத்தான். வரும்போது அந்த நகலை, சட்டம் போடாமல், எடுத்து வாருங்கள்.